புதுப்பிப்பு: டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (கணினியில் தரவை அடுக்கும் முறைகள்) வகுப்பில் கஹூட்

கைபேசியில் விடையைத் தொடும் வினாடி வினா ஆட்டமான கஹூட்டை வைத்தால் கடைசி பெஞ்சும் விழித்துக்கொள்கிறது, ஆனால் புரிந்துதான் பதில் தொடுகிறார்களா என்று முன்பு கேட்டிருந்தேன். புள்ளிக் கணக்கைப் பாருங்கள் என்றீர்கள். பார்த்தேன். சரியான விடையை உடனே தொட்டால் 1000 புள்ளி. கடைசி நொடியில் தொட்டால் அதில் பாதிதான். நிதானமாக யோசிக்கிற பிள்ளைக்கு அபராதம்! அதனால் நேர வரம்பை நீட்டிவிட்டேன். சத்தம் குறைந்தது, பரவாயில்லை.

உண்மையில் உதவுவது ஆட்டம் முடிந்த பிறகு வரும் அறிக்கை. ரிகர்ஷன் (ஒரு நிரல் பகுதி தன்னையே அழைப்பது) கேள்வியில் பெரும்பாலோர் ஒரே தவறான விடையைத் தொட்டிருந்தார்கள். அடுத்த வகுப்பில் அதையே போர்டில் போட்டுப் பிரித்தோம்.

அப்புறம், இந்தத் தரவை வைத்து யார் தேறுவார் என்று கணிக்கச் சொன்ன நண்பருக்கு: அவசரம் வேண்டாம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு காட்டி மாணவரை எச்சரிக்கும் கோர்ஸ் சிக்னல்ஸ் இருந்தது. அது இடைநிற்றலைக் குறைத்தது என்ற கணக்கை 2013-இல் சிலர் குடைந்து கேட்டார்கள்: சிக்னல்ஸ் உள்ள பாடங்களை அதிகம் எடுத்ததால் மாணவர் நிலைத்தார்களா, நிலைத்ததால்தான் அதிகம் எடுக்க முடிந்ததா?

அடுத்த செமஸ்டரில் மூடுல் (பாடங்களை இணையத்தில் நடத்தும் தளம்) பதிவுகளையும் சேர்த்துப் பார்க்கப்போகிறேன், பெயர்களை நீக்கிவிட்டு.