கடலோர ஊர்களை யார் புதுப்பிப்பது? ஹேஸ்டிங்ஸை முன்வைத்து ஒரு விவாதம்

கரையூரான்:
இங்கிலாந்தின் தென்கரையில் நான் வாழும் சிறிய ஊரின் கடைத்தெருவை இடித்துக் கட்டும் திட்டத்தை நகரசபை சென்ற மாதம் நூலகத்தில் காட்சிக்கு வைத்திருந்தது. வந்தவர்களுக்குப் பச்சையும் சிவப்புமாக ஒட்டுவில்லைகளைக் கொடுத்து, பிடித்ததையும் பிடிக்காததையும் பலகையில் குறிக்கச் சொன்னார்கள். மரங்களுக்கும் இருக்கைகளுக்கும் விளக்குகளுக்கும் கட்டம் இருந்தது. கட்டி முடித்தபின் கடை வாடகை என்னவாகும் என்பதற்குக் கட்டம் இல்லை. அந்தத் தெருவில் நெடுங்காலமாகச் சப்பாத்துத் திருத்தும் கடை வைத்திருப்பவர், தமக்குக் கொடுத்த வில்லைகளை ஒட்டாமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

இதற்கு மாற்று வழி, அதே தென்கரையில் உள்ள ஹேஸ்டிங்ஸ் நகரில் இருக்கிறது. ஒரு காலத்தில் உள்ளூர்ப் பத்திரிகை அச்சான ஒப்சேர்வர் கட்டடம், பத்திரிகை வெளியேறியபின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாழடைந்து கிடந்தது. அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் விலையை ஏற்றி விற்றார்களே தவிர, யாரும் கூரையைத் திருத்தவில்லை. 2014இல் அருகிலிருந்த ரொக் ஹவுஸை வாங்கி வீடுகளும் வேலைக்கூடங்களுமாக மாற்றிய உள்ளூர்க் குழுவினரே, 2019இல் ஒப்சேர்வர் கட்டடத்தையும் வாங்கிப் படிப்படியாகத் திருத்தினார்கள். உள்ளூர் வருமானத்துக்கு எட்டும் வாடகையை நிலைநிறுத்துவதும், கட்டடம் மறுபடி சந்தைக்குப் போகாமல் காப்பதுமே அவர்களுடைய நோக்கம். நகரசபைத் திட்டங்களில் நான் தேடிக் காணாதது இந்த இரண்டாவது பகுதிதான்.

கணக்கப்பிள்ளை:
கரையூரான் அவர்களே, அதே ஊரில் சில நிமிட நடையில் இருக்கும் கடற்பாலத்தை, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் உலாவு மேடையை, நீங்கள் குறிப்பிடவில்லை. 1872இல் திறந்த அந்தப் பாலத்தின் மேற்கட்டுமானத்தில் பெரும்பகுதி 2010 ஒக்டோபரில் தீக்கிரையானது. ஊர்மக்கள் அறக்கட்டளை அமைத்தார்கள். தேசிய லொத்தர் நிதியிலிருந்து ஒரு கோடிப் பவுணுக்கு மேல் கிடைத்தது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் திட்டத்துக்குப் பணம் போட்டுச் சமூகப் பங்குகளை வாங்கினார்கள். 2016இல் பாலம் திறக்கப்பட்டது. 2017 ஒக்டோபரில் பிரித்தானியாவின் மிக உயர்ந்த கட்டடக்கலை விருதான ஸ்டேர்லிங் பரிசையும் பெற்றது. அடுத்த மாதமே அறக்கட்டளை நொடித்து, நிர்வாகம் வெளியாரிடம் போனது. 2018இல் அது ஒரு தனியாருக்கு விற்கப்பட்டபோது, பங்கு வாங்கிய மக்களின் பணம் திரும்பி வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எரிவதற்கு முன் அந்தப் பாலம் பனாமாவில் பதிவான ஒரு நிறுவனத்தின் கையில் பராமரிப்பின்றிக் கிடந்தது. அதைக் கட்டாயக் கொள்வனவு அதிகாரத்தால், அதாவது உரிமையாளர் மறுத்தாலும் வாங்கும் சட்ட அதிகாரத்தால், 2013இல் கைப்பற்றி அறக்கட்டளைக்குக் கொடுத்தது நகரசபைதான். ஊர்மக்கள் எத்தனை கூட்டம் போட்டாலும் அந்த அதிகாரம் அவர்களிடம் இல்லை. நட்டம் வந்தால் தாங்குவதற்கு வரிப்பணமும், பதில் சொல்வதற்குத் தேர்தலும் உள்ள அமைப்பிடம் இந்தப் பொறுப்பு இருப்பதே நல்லது.

கரையூரான்:
கடற்பாலத்தின் தோல்வியை நான் மறுக்கவில்லை. அந்தப் பங்குகளை வாங்கியவர்களில் ஒருவருடன் பழகியிருக்கிறேன். அந்த மனக்கசப்பு எளிதில் ஆறுவதல்ல. ஆனால் எது தோற்றது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரிய மானியம் வந்தது கட்டுவதற்கு. அடுத்த சில ஆண்டுகள் நடத்துவதற்குத் தேவையான பணத்தைத் திரட்ட முடியாமல்தான் அறக்கட்டளை விழுந்தது. உப்புக்காற்றில் நிற்கும் இரும்புத் தூண்களை ஆண்டுதோறும் பராமரிக்க வேண்டிய பாலமும், மாதந்தோறும் வாடகை தரும் வீடுகளும் வேலைக்கூடங்களும் உள்ள கட்டடமும் ஒரே வகைச் சொத்து அல்ல. முன்னதை ஊர்மக்கள் தலையில் தனியே ஏற்றியது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நெய்தல்:
நகரசபை தானே முன்னின்று செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஹேஸ்டிங்ஸே சான்று. அங்கே மீன்பிடிப் படகுகள் நிற்கும், ஸ்டேட் எனப்படும் கூழாங்கற் கரையில் துறைமுகம் கிடையாது. படகுகளை ஒவ்வொரு முறையும் இயந்திரத்தால் கரைமேல் இழுத்து ஏற்றுகிறார்கள். வலைகளும் கயிறுகளும் வைப்பதற்காக, தார் பூசிய கறுப்பு மரக்கொட்டில்கள் அகலம் குறைந்து, உயரம் மிகுந்து, நெருக்கமாக நிற்கின்றன. இடம் போதாமல்தான் அவை மேல்நோக்கி வளர்ந்தன. அந்தக் கரையில் சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் இடத்தை நகரசபை ஓவியக்கூடத்துக்கு ஒதுக்கியபோது, மீனவர்களும் பழைய நகரவாசிகளும் கடுமையாக எதிர்த்தார்கள். ஆயினும் 2012இல் ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. கட்டடம் அழகானது, அதற்குள் சென்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் கரையில் தொழில் செய்வோரின் சொல்லுக்கு எடை எவ்வளவு என்ற கேள்வி அங்கே தீரவில்லை.

கணக்கப்பிள்ளை:
தங்கை சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எதிர்ப்பு எழுந்தது என்பதால் முடிவு பிழையாகிவிடாது. பேருந்துத் தரிப்பிடத்துக்காகக் குரல் கொடுத்தோருக்கும், பண்பாட்டு இடம் ஒன்று வேண்டும் என்று பேசாமல் இருந்தோருக்கும் சேர்த்தே நகரசபை முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஊர்க்குழு என்பது கூட்டத்துக்கு வர நேரம் உள்ளவர்களின் குழு. இரவு வேலைக்குப் போகும் பராமரிப்பு ஊழியரை அங்கே நான் கண்டதில்லை.

நெய்தல்:
அது நியாயமான குறை, ஐயா. அதைத் தீர்க்காத எந்தக் குழுவையும் நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் சட்டம் கொடுக்கும் உரிமையைப் பொறுத்தே யார் வருவார்கள் என்பதும் அமைகிறது. இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கட்டடத்தைச் சமூகச் சொத்தாகப் பட்டியலிட்டால், அது விற்பனைக்கு வரும்போது ஊர்மக்களுக்கு ஆறு மாத அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்தில் அவர்கள் பணம் திரட்டி வந்தாலும், உரிமையாளர் விரும்பியவருக்கு விற்கலாம். ஸ்கொட்லாந்தில் பதிவு செய்த ஊர்க்குழுவுக்கே வாங்கும் முதலுரிமை உண்டு. எடின்பரோவின் கடற்கரைப் பகுதியான போர்ட்டபெலோவில் பழைய தேவாலயத்தை மக்கள் 2017இல் அந்த உரிமையால் வாங்கிச் சமூகக் கூடமாக்கினார்கள். நகர்ப்புறத்தில் அந்த உரிமை பயன்பட்டது அதுவே முதல் முறை. கை நிறைய உரிமை இருந்தால் இரவு வேலை செய்பவரும் ஒரு மாலையை ஒதுக்குவார்.

கணக்கப்பிள்ளை:
ஸ்கொட்லாந்தின் வழியை இங்கும் கொண்டுவரலாம் என்பதில் எனக்குத் தடையில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நகரசபை கட்டாயக் கொள்வனவால் எடுத்துக் கொடுக்கும் சொத்து நொடித்துப்போனால், ஏலத்துக்குப் போகாமல் மீண்டும் நகரசபையிடமே வர வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும்.

கரையூரான்:
அந்த நிபந்தனையை மனமார ஏற்கிறேன். வாடகை உச்சவரம்பையும் அதே பத்திரத்தில் எழுதக் கேட்டு எங்கள் நகரசபைக்குக் கடிதம் தயாரிக்கிறேன். அனுப்புமுன் சப்பாத்துக் கடைக்காரரிடம் காட்டப்போகிறேன்.