ட்ரூவை ட்ரூவோடு ஒப்பிடும் நிரல்கள்: நீங்கள் பார்த்தவை

ஜாவா எழுதுபவர்:
புதிதாகச் சேர்ந்தவர்களின் நிரலை மறுபார்வை செய்வது என் வேலை. நிபந்தனை பொருந்தினால் ட்ரூவை (ஆம்) திருப்பு, இல்லையென்றால் ஃபால்ஸை (இல்லை) திருப்பு என்று நான்கைந்து வரி எழுதியிருப்பார்கள். வயது 18 அல்லது அதற்கு மேலா என்ற ஒப்பீட்டின் விடையே பூலியன்தானே, அதாவது ட்ரூ அல்லது ஃபால்ஸ்! அதையே ரிட்டர்னில் போட்டால் போதும்.

இஃப் வரியில் பூலியன் மாறியோடு "ட்ரூவுக்குச் சமமா" என்று சேர்ப்பது இன்னும் மோசம். இரண்டு சமக்குறிக்குப் பதிலாக ஒன்று விழுந்தால், ஜாவா கம்பைலர் (நிரலை மொழிமாற்றும் கருவி) பேசாமல் ஏற்றுக்கொள்ளும். மாறிக்குள் ட்ரூ போய் உட்கார்ந்துவிடும், நிபந்தனை எப்போதும் நிறைவேறும். ஒரு பில்லிங் நிரலில் உறுப்பினர் தள்ளுபடி கடைக்கு வந்த எல்லோருக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது. தேடிப் பிடித்தபோது குற்றவாளி அந்த ஒற்றைச் சமக்குறி. வெறும் மாறியை மட்டும் எழுதியிருந்தால் தவறுவதற்கு அங்கே குறியே இருந்திருக்காது.

சி எழுதுபவர்:
எங்கள் பக்கம் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. சி99 தரத்துக்கு முன் மொழியில் பூலியன் வகை கிடையாது. 1 என்ற எண்ணுக்கு ட்ரூ என்று மேக்ரோ, அதாவது மாற்றுப்பெயர், வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு குறி எழுத்தா என்று சொல்லும் இஸ்ஆல்ஃபா, "ஆம்" என்பதற்குப் பூஜ்யமல்லாத ஏதாவது ஓர் எண்ணைத் தரலாம். லினக்ஸில் வழக்கமாக 1024 வரும். அதை ட்ரூவோடு ஒப்பிட்டிருந்த பழைய நிரல் ஒன்று, ஆங்கில எழுத்துகள் அத்தனையையும் எழுத்தே இல்லை என்று தள்ளிவிட்டது.

பைத்தான் எழுதுபவர்:
ட்ரூவோடு ஒப்பிடாதே என்று பைத்தானின் நடைக் கையேடான பெப் 8 சொல்கிறது. சரிதான். ஆனால் எங்கள் குழுவில் ஒருவர், லின்டர் (நடைப் பிழைகளைச் சுட்டும் கருவி) எச்சரித்த இடங்களில் எல்லாம் சமக்குறிகளை எடுத்துவிட்டு "இஸ் ட்ரூ" என்று மாற்றினார். அவற்றில் ஒன்று, தரவுத்தளத்தோடு பேச உதவும் எஸ்கியூஎல்ஆல்கெமி நூலகத்தில் எழுதிய வினவல். அங்கே சமக்குறி, தரவுத்தளத்துக்குப் போகும் நிபந்தனையை உருவாக்குகிறது. "இஸ்" அப்படியில்லை, இரண்டும் ஒரே பொருள்தானா என்று மட்டும் பார்க்கும்; அதனால் பைத்தானே அந்த இடத்தில் ஃபால்ஸ் என்று முடித்துவிடும். பட்டியல் காலியாக வந்தது, பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. அந்த நூலகத்தின் "இஸ்_" முறையையோ நெடுவரிசையை மட்டுமோ எழுதினால் லின்டரும் அடங்கும், வினவலும் ஓடும்.

ஜாவா எழுதுபவர்:
கோட்லின் மொழியிலும் இப்படி, ஒப்பீட்டைக் கண்மூடித்தனமாக எடுக்கக் கூடாத ஓர் இடம் உண்டு. மதிப்பே இல்லாமல் போகக்கூடிய பூலியனை இஃபில் வெறுமனே போட்டால் கம்பைல் ஆகாது. அங்கே "ட்ரூவுக்குச் சமமா" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் நான் கை வைப்பதில்லை.