விலை உயர்ந்த ரீஃபர்பிஷ்டு பிளெண்டர் வாங்கலாமா? இன்று இரவுக்குள் பதில் தேவை

புதுவரவு:
அனைவருக்கும் வணக்கம். குடும்பத்தோடு இங்கே வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. துணிகளுக்கு நடுவில் பத்திரமாகச் சுற்றி எடுத்து வந்த மிக்சி சரியாக ஓடவில்லை. முனகுகிறது, மெதுவாகச் சுற்றுகிறது, எதுவும் அரைபடவில்லை. இணையத்தில் தேடியபோது பெரிய கம்பெனி பிளெண்டர் ஒன்று ரீஃபர்பிஷ்டு, அதாவது திரும்ப வந்ததைச் சரிசெய்து விற்பது, என்று போட்டு, புதியதில் ஏறக்குறையப் பாதி விலைக்கு இருக்கிறது. பாதியே எங்களுக்குப் பெரிய தொகை. சலுகை நள்ளிரவோடு முடிகிறது என்று பக்கத்தில் ஒரு கடிகாரம் வேறு ஓடுகிறது. வாங்கலாமா, வேண்டாமா? இந்த வாரமே அரைப்பதற்கு ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

நெடுநாள்வாசி:
வேண்டாம், தம்பி. வந்த கையோடு இவ்வளவு பணத்தை ஒரு மோட்டாரில் கொட்டுவதா? நாங்கள் வந்தபோது வீட்டில் கட்டில்கூடக் கிடையாது. முதல் குளிர்காலம் முழுவதும் தரையில் கம்பளியை விரித்துப் படுத்தோம். சமைக்க ஒரே ஒரு பாத்திரம். நசுக்க வேண்டியதையெல்லாம் கண்ணாடிப் போத்தலை உருட்டி நசுக்கினேன். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. முதலில் கனமான மேலங்கி வாங்கினீர்களா? வங்கிக் கணக்கு திறந்தாயிற்றா? அதற்கு முகவரிச் சான்று கேட்பார்கள், முகவரிச் சான்றுக்கு வங்கிக் கணக்கு கேட்பார்கள். அந்த அலைச்சலை முதலில் முடியுங்கள்.

சுருளும் கம்பியும்:
எந்த நாடு என்று சொல்லவே இல்லையே? அது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்புத்தான். இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அலைவது. ஐரோப்பா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூரிலும் அதுதான். பிளக்கின் வடிவம் மட்டும் வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். மிக்சி முனகுகிறது என்பதை வைத்துப் பார்த்தால் நீங்கள் 120 வோல்ட் நாட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் மிக்சி கெடவில்லை. அதற்கு வேண்டிய மின்சாரத்தில் பாதிதான் கிடைக்கிறது. அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ளதை அப்படியே இங்கே எழுதுங்கள். யாருக்காக, எதை, எவ்வளவு அரைக்கப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தாராவின் அம்மா:
யோசிக்கவே வேண்டாம், வாங்குங்கள். எங்கள் வீட்டில் ரீஃபர்பிஷ்டு விட்டாமிக்ஸ் கம்பெனி பிளெண்டர்தான் பல வருடங்களாக ஓடுகிறது. கம்பெனியே திரும்பப் பெற்று, சோதித்து, வாரண்டியோடு விற்றது. உறைந்த பழம், ஐஸ், கீரைத் தண்டு என்று எதைப் போட்டாலும் திப்பி இல்லாமல் வருகிறது. அதற்கு முன் மலிவான பிளெண்டர்களை வாங்கி வாங்கி எறிந்த காசை நினைத்தால் வயிறு எரிகிறது.

கரண்டி:
அக்கா, நீங்கள் சொல்வது பழமும் ஐஸும். மிக்சி கொண்டு வந்தவருக்குப் பொடியும் விழுதும் வேண்டியிருக்கும். இந்தப் பிளெண்டர்களோடு பெரும்பாலும் வரும் 64 அவுன்ஸ் ஜார், அதாவது 1.9 லிட்டர், அடியில் அகலமானது. ஒரு கைப்பிடியைப் போட்டால் எல்லாம் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிளேடு வெறுங்காற்றில் சுற்றும். ஓட வைக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். உலர்ந்ததை அரைத்தால் பிளாஸ்டிக் ஜார் சீக்கிரமே மங்கிப்போகும், வாசனையும் எளிதில் விடாது. உலர்ந்ததற்கென்று பிளேடு வேறு மாதிரி அமைந்த தனி ஜார் விற்கிறார்கள். அது தனிச் செலவு. சின்ன எஃகு ஜார் உள்ள மிக்சி இந்த வேலைகளைச் சத்தமில்லாமல் முடித்துவிடும்.

தாராவின் அம்மா:
மிக்சி சத்தமில்லாமலா? எந்த மிக்சி, தம்பி?

கரண்டி:
சரி, சத்தத்தோடுதான்.

வடக்குவாசல்:
வோல்ட்டைக் கூட்டித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி ஊர் மிக்சியையே ஓட்டுங்கள் என்பார்கள். நம்பாதீர்கள். ஹெர்ட்ஸ் மாறினால் மோட்டார் எரிந்துவிடும் என்று என் நண்பர் சொன்னார்.

சுருளும் கம்பியும்:
நண்பர் மிக்சியையும் கிரைண்டரையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டார். மிக்சியில் இருப்பது கார்பன் பிரஷ் உள்ள யூனிவர்சல் மோட்டார். அதற்கு 50 ஹெர்ட்ஸும் ஒன்றுதான், 60 ஹெர்ட்ஸும் ஒன்றுதான். வோல்ட் சரியாக இருந்தால் போதும். கல் சுற்றும் கிரைண்டரில் பெரும்பாலும் இன்டக்ஷன் மோட்டார். அது ஹெர்ட்ஸுக்கு ஏற்பச் சுற்றும், ஆகவே 60 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 சதவீதம் வேகம் கூடும். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் மிக்சியின் வாட்டைப்போல இரண்டு மடங்காவது தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் கிளம்பும்போது மோட்டார் அதிகம் இழுக்கும். 750 வாட் மிக்சிக்கு 1500 வாட். அது செங்கல்லைவிடக் கனமாக இருக்கும், சமையல் மேடையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 120 வோல்ட் நாடுகளுக்கென்றே தயாராகும் மிக்சிகள் இருக்கும்போது இந்தத் தலைவலி ஏன் என்பது என் கட்சி.

இன்னொன்று. பெட்டியில் "3 குதிரைத்திறன்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் மயங்காதீர்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட். மூன்று என்றால் 2238. 120 வோல்ட், 15 ஆம்பியர் சாக்கெட் தருவதே அதிகபட்சம் 1800 வாட்தான். கண நேர உச்சத்தை எழுதி விற்கிறார்கள். தகட்டில் உள்ள ஆம்பியரைப் பாருங்கள்.

ரைன்கரை:
இணையத்தில் வாங்கினால் 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்து திருப்பி அனுப்பலாம், சட்டம் இருக்கிறது. பழைய பொருளானாலும் வணிகரிடம் வாங்கினால் குறைந்தது ஓராண்டுச் சட்டப் பொறுப்பு அவருடையது. தைரியமாக வாங்குங்கள்.

சுருளும் கம்பியும்:
அது ஐரோப்பிய ஒன்றியத்தில். அமெரிக்காவில் இணையக் கொள்முதலுக்கு அப்படியொரு பொதுச் சட்டம் கிடையாது, விற்பவரின் நிபந்தனைதான் சட்டம். இதற்காகத்தான் நாட்டைக் கேட்டேன். கேட்டவரைக் காணவில்லை.

நெடுநாள்வாசி:
நள்ளிரவுக் கடிகாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதே கடிகாரம் நாளைக் காலையில் மறுபடி முதலிலிருந்து ஓடும், பாருங்கள். இப்போது எல்லாவற்றுக்கும் கடிகாரம், எல்லாவற்றுக்கும் உறுப்பினர் அட்டை. பொருளோ இரண்டு வருடம் தாங்குவதில்லை.

வடக்குவாசல்:
புகார் சொல்ல அழைத்தால் இசை கேட்க வைக்கிறார்கள், ஐயா. ஒரு ஹீட்டருக்காக நான் கேட்ட இசையை இப்போது முழுதாக வாயால் வாசிப்பேன். கடைசியில் எடுத்தவர் "பெட்டி இருக்கிறதா?" என்று கேட்டார். பெட்டியை வைத்துக்கொள்ள எனக்கு வீட்டில் இடம் இருந்தால் நான் ஏன் ஹீட்டர் வாங்குகிறேன்?

கரண்டி:
என் கீழ்வீட்டுக்காரர் பிளெண்டர் சத்தத்துக்குத் துடைப்பத்தால் கூரையை இடிப்பார். மேல்வீட்டுக்காரரோ இரவெல்லாம் பந்து உருட்டுகிறார். அதற்கு யாரை இடிப்பது?

தாராவின் அம்மா:
அந்தப் பந்து எல்லா மேல்வீட்டிலும் இருக்கிறது, தம்பி.

புதுவரவு:
மன்னிக்கவும், மருத்துவமனைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தோம். நாங்கள் இருப்பது அமெரிக்காவில். நெடுநாள்வாசி ஐயா, நான் தம்பி அல்ல, இரண்டு குழந்தைகளின் தாய். மிக்சித் தகட்டில் 230V, 50Hz, 750W என்று இருக்கிறது. பொடியோ விழுதோ அரைப்பது இப்போது முக்கியமில்லை. என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, விழுங்குவது கடினமாகிவிட்டது. எல்லாவற்றையும் கூழாக அரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சிகிச்சையாளர் ஒரு தாளில் "நிலை 4" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு நாட்களாகக் கரண்டியால் மசித்துக் கொடுத்துப் பார்க்கிறேன், இருமல் வருகிறது. பயமாக இருக்கிறது.

நெடுநாள்வாசி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, அம்மா. மேலங்கியை விடுங்கள். என்ன உதவி வேண்டுமென்று சொல்லுங்கள்.

இரவுப்பணி:
தங்கை, நான் செவிலியர். சாப்பிடும்போது இருமல் வருகிறது என்பதை இந்த இழையில் மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். அந்தத் தாளில் உள்ள எண்ணை இன்றே அழைத்து, மசித்த உணவைக் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இருந்தால் காத்திருக்கவே கூடாது.

நிலை 4 என்பது ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுகோலில் வருவது. 0 முதல் 7 வரை நிலைகள். நான்காவதில் கட்டி, நார், தோல் எதுவும் இருக்கக் கூடாது, மெல்லத் தேவையே இருக்கக் கூடாது. முள்கரண்டியில் எடுத்தால் மேலே குவியலாக நிற்க வேண்டும், இடுக்கு வழியே ஒழுகிக்கொண்டே இருக்கக் கூடாது. சாதாரணக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் மொத்தமாக நழுவி விழ வேண்டும். ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. நீர் தனியே பிரிந்து நிற்கவும் கூடாது. கரண்டியால் மசித்தால் இது வராது.

கரண்டி சொன்ன ஜார் விஷயம் உங்களுக்கு இங்கேதான் முக்கியமாகிறது. அகலமான ஜாரில் ஒருவருக்கான அளவைப் போட்டால் ஓடாது. ஓடட்டும் என்று நீர் ஊற்றினால் நீர்த்துப்போய் நிலை மாறிவிடும். அது அம்மாவுக்கு ஆபத்து. ஆகவே அந்த ஜார் என்றால் பெரிய அளவாக அரைத்து, சின்னப் பங்குகளாக உறைய வைத்து, சூடாக்கிய பிறகு மறுபடி கரண்டியில் சாய்த்துப் பாருங்கள். உறைந்து உருகியது சில சமயம் நீர் விட்டுவிடும். அல்லது அடி குறுகிய ஜாரும் மூடி வழியே தள்ளிவிடும் கோலும் உள்ளதாகப் பாருங்கள்.

இப்போதைக்கு ஒரு கைப் பிளெண்டரும் கண் நெருக்கமான சல்லடையும் வாங்குங்கள். இரண்டும் மலிவு. குழைய வேகவைத்து, அரைத்து, சல்லடையில் கரண்டியால் அழுத்தித் தேயுங்கள். கை வலிக்கும், ஆனால் நாட்களைத் தள்ளலாம்.

தாராவின் அம்மா:
சூடாக அரைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. குப்பிபோல முழுவதும் மூடிக்கொள்ளும் சின்னப் பிளெண்டர்களில் சூடான எதையும் போடாதீர்கள். ஆவி அடைபட்டு, திறக்கும்போது வெடித்துச் சிதறும். பெரிய ஜாரில் மூடியில் காற்றுவழி இருக்கும், அதிலும் குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும்.

சுருளும் கம்பியும்:
இனி ரீஃபர்பிஷ்டு கேள்விக்கு வருகிறேன். தினமும் பல வேளை அரைக்கப்போகிறீர்கள், திப்பி இருக்கவே கூடாது. இந்த வேலைக்குத்தான் விலை உயர்ந்த பிளெண்டர். ஆனால் சரிசெய்தவர் யார் என்று பாருங்கள். கம்பெனியே சரிசெய்து கம்பெனியே வாரண்டி தருவது ஒரு ரகம். எவரோ துடைத்துப் பெட்டியில் போட்டு அதே சொல்லை எழுதி விற்பது இன்னொரு ரகம். இரண்டாவது ரகமென்றால் பாதி விலையும் அதிகம். வாரண்டி எத்தனை வருடம், ஜாருக்கும் பிளேடுக்கும் உண்டா, அனுப்பும் செலவு யாருடையது என்று கேளுங்கள். உங்களுக்கு ஜார் புதியதாக இருப்பது அவசியம். பழைய ஜாரில் பிளேடைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் தேய்ந்து கருப்பாகக் கசியும். அம்மாவின் உணவில் அது கலக்கக் கூடாது. தகட்டில் 120V, 60Hz இருக்க வேண்டும். வந்ததும் முழு ஜார் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள்: கசிவு, எரிந்த நாற்றம், உலோகம் உரசும் சத்தம். கெட்டியானதை நெடுநேரம் ஓட்டினால் சூடு தாங்காமல் தானே நின்றுவிடும். அது பழுதல்ல; ஆறும்வரை விடுங்கள், முக்கால் மணி நேரம்கூட ஆகலாம்.

நெடுநாள்வாசி:
தங்கச்சி, எந்த ஊர்ப் பக்கம் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள். என் மருமகளிடம் கைப் பிளெண்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அருகில் என்றால் இரவே கொண்டு வந்து தருகிறேன்.

புதுவரவு:
உங்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன், ஐயா. சிகிச்சையாளரின் எண்ணுக்கும் அழைத்துப் பேசிவிட்டேன், காலையில் முதல் வேலையாக அம்மாவைப் பார்க்கிறேன் என்றார். அதுவரை என்ன கொடுக்கலாம் என்பதையும் சொன்னார். அந்த விற்பனைப் பக்கத்தை மறுபடி படித்தேன். வாரண்டி தருவது கம்பெனி அல்ல, விற்பவர். அதுவும் 90 நாட்கள்தான். விட்டுவிட்டேன். கம்பெனியின் சொந்தப் பக்கத்திலேயே சரிசெய்தவை இருக்கின்றன, கொஞ்சம் விலை கூடுதல். ஒரே ஒரு சந்தேகம்: விட்டாமிக்ஸ் அசென்ட் வரிசையை எடுத்தால், பழைய மாடலின் குறுகிய ஜாரை யாரிடமாவது தனியாக வாங்கிப் பொருத்தலாமா?

தாராவின் அம்மா:
முடியாது. அசென்ட் தன் ஜாரைத் தானே அடையாளம் கண்ட பிறகுதான் ஓடும். பழைய ஜார் வைத்தால் கிளம்பாது. அந்த வரிசைக்கென்று வரும் சின்ன ஜாரைத்தான் வாங்க வேண்டும். பழைய 5200 மாடல் கிடைத்தால் அதைப் பாருங்கள், அதன் ஜாரே அடி குறுகியது. ஆனால் உயரம் அதிகம், மேல் அலமாரிக்கு அடியில் நுழைகிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.