விகடகவி பாலிண்ட்ரோமா? பைத்தான் "இல்லை" என்கிறது

மடிப்பாக்கம்_மீனா:

முதல் வருடம் இன்ஜினியரிங் சேர்ந்த பிள்ளைகள் சிலருக்கு ஞாயிறுதோறும் புரோகிராமிங் சொல்லித் தருகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி வந்துவிடுகிறது. லேப் பட்டியலில் ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) திருப்புவது, அது பாலிண்ட்ரோமா, அதாவது திருப்பிப் படித்தாலும் அதேதானா என்று பார்ப்பது இரண்டும் உண்டு. வழக்கமாகப் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் 'மலையாளம்' என்று அடித்து, 'ஆம்' என்று வந்ததும் ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விடுவார்கள்.

இந்த வாரம் விகடகவி கொடுத்தேன். வி, க, ட, க, வி. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். பைத்தானில் ஸ்லைஸ் என்ற குறுக்குவழி போட்டுத் திருப்பி, இரண்டும் சமமா என்று கேட்டால் 'இல்லை' என்று வருகிறது. திருப்பியதை அப்படியே பிரிண்ட் செய்து பார்த்தோம். முதலில் ஒரு புள்ளி வட்டம், அதில் ஒட்டிக்கொண்டு இகரக் குறி மட்டும், அப்புறம் 'வகடகிவ'.

அதே பயிற்சியை வேறு புரோகிராமிங் மொழிகளில், முதலில் கைக்கு வருகிற வழியிலேயே எழுதினோம். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், கோ, சி எல்லாமே 'இல்லை'. ஸ்விஃப்ட்டும் எலிக்ஸிரும் மட்டும் 'ஆம்'.

சென்னையில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சியைத் தமிழ்ச் சொல்லில்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்த புரோகிராமிங் மொழியில் கொடுக்கலாம், கொடுக்கக் கூடாதென்றால் ஏன் என்று சொல்லுங்கள்.

சுட்டி:

மேடம், கூடாது என்ற பக்கம் நான்.

இந்தப் பயிற்சியை எதற்காகக் கொடுக்கிறோம்? முன்னாலிருந்து ஒரு இன்டெக்ஸ் (இட எண்), பின்னாலிருந்து ஒரு இன்டெக்ஸ். நடுவில் சந்திக்கும் வரை ஒப்பிட்டுக்கொண்டே வர வேண்டும், வேறுபட்ட இடத்தில் நிறுத்திவிட வேண்டும். நீளம் ஒற்றைப்படையாக இருந்தால் நடு எழுத்தை என்ன செய்வது, காலி ஸ்ட்ரிங் வந்தால் என்ன பதில் என்றெல்லாம் பிள்ளை யோசிக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம், அதுவே ஒரு வகுப்புக்கு நிறைய. இதற்கு சி-யை விடப் பொருத்தமான மொழி இல்லை. 'லெவல்' என்று ஆங்கிலத்தில் போட்டால் 5 பைட், கடைசியில் ஒரு பூஜ்யம். மெமரியில் எது எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

பைத்தான் ஸ்லைஸில் பிள்ளை எதையுமே செய்யவில்லை, மொழிதான் செய்கிறது. அதன்மேல் எழுத்துக்கும் குறிக்கும் எண் கொடுக்கும் யூனிகோடையும் ஏற்றினால், திரும்பத் திரும்ப ஓடும் லூப்பும் புரியாது, யூனிகோடும் புரியாது.

எழுத்தெண்ணி:

சுட்டி சார், விரல் வைத்துக் காட்டலாம் என்றீர்களே, விகடகவிக்கும் அதே மாதிரி காட்டலாம். நீளம் என்ன என்று ஒவ்வொரு மொழியையும் கேட்டுப் பாருங்கள். சி 21 என்கிறது, பைத்தான் 7 என்கிறது, ஸ்விஃப்ட் 5 என்கிறது. எதுவும் தப்பில்லை. சி பைட்டை எண்ணுகிறது, பைத்தான் கோட் பாயிண்ட்டை, அதாவது யூனிகோட் கொடுக்கும் எண்களை எண்ணுகிறது, ஸ்விஃப்ட் நாம் எழுத்து என்று சொல்வதை எண்ணுகிறது. 'வி' என்பது வகரமும் இகரக் குறியும் சேர்ந்த 2 கோட் பாயிண்ட். கோட் பாயிண்ட்டை பைட்டுகளாக எழுதி வைக்கும் முறையான யூடிஎஃப்-8-ல் தமிழ் கோட் பாயிண்ட் ஒவ்வொன்றும் 3 பைட். 7 மூன்று 21. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் எண்ணுவது 16 பிட் துண்டுகளை. தமிழ் எழுத்துக் குறிகள் எல்லாம் அந்த அளவுக்குள் அடங்கிவிடுவதால் அங்கேயும் 7 வருகிறது.

'க' ஒன்றை மட்டும் எடுங்கள். யூடிஎஃப்-8-ல் 224, 174, 149. பைட் பைட்டாகத் திருப்பினால் 149 முன்னால் வந்துவிடும். 149-ல் எந்த எழுத்தும் தொடங்க முடியாது என்பது யூடிஎஃப்-8-ன் விதி. அதனால்தான் சி-யில் திருப்பினால் திரையில் கேள்விக்குறிகளாகக் கொட்டுகிறது.

கோ மொழியிலும் நீளம் 21 தான், ரூனாக (கோட் பாயிண்ட்டுக்கு அங்கே அந்தப் பெயர்) மாற்றினால் 7. இதில் ஒரு சுவாரஸ்யம்: யூடிஎஃப்-8-ஐ 1992-ல் வடிவமைத்த கென் தாம்ப்சனும் ராப் பைக்கும்தான் பிற்பாடு கோ மொழியை உருவாக்கிய மூவரில் இருவர். பைட், ரூன் என்று இரண்டு படிகளையும் மறைக்காமல் வைத்தார்கள். நம் எழுத்துக்கான மூன்றாவது படிக்கு வெளியிலிருந்து ஒரு தொகுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓஎம்ஆர்_குமார்:

நான் கம்பெனியில் ஃப்ரெஷர்களை இன்டர்வியூ எடுப்பவன். பாலிண்ட்ரோம் அடிக்கடி கேட்பேன், மொழி அவர்கள் விருப்பம். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எழுத ஆரம்பிக்கும் முன் 'கேப்பிடல் லெட்டரும் ஸ்மால் லெட்டரும் ஒன்றா, ஸ்பேஸ் கணக்கில் உண்டா' என்று திருப்பிக் கேட்கிறார்களா என்று. தமிழில் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை, கேட்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

அதை விட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளை முதல் மாதம் ஏற்கெனவே பயந்துபோய் இருக்கும். லாஜிக்கைச் சரியாக எழுதியும் பதில் தப்பாக வந்தால், தனக்குத்தான் புரோகிராமிங் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல மீனா மேடம் எல்லா லேபிலும் இருக்க மாட்டார். முதல் பயிற்சி ஓடியே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் ஓடட்டும், தமிழை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

மடிப்பாக்கம்_மீனா:

குமார், நீங்கள் சொல்லும் அந்தப் பிள்ளைக்காகத்தான் இதை ஆரம்பித்தேன். தமிழ் மீடியத்திலிருந்து வந்த பையன் ஸ்ட்ரிங் என்றதும் முதலில் அடித்தது தன் பெயரை. கவின். யாரும் சொல்லித்தரவில்லை, போனில் தமிழில் அடித்துப் பழகிய கை. திருப்பினால் புள்ளி வட்டத்தின் மேல் ஒரு மெய்ப்புள்ளி, அப்புறம் 'னிவக'. இதை நான் தவிர்க்க நினைத்தாலும் தவிர்க்க முடியாது, அவர்கள் தமிழில் அடிக்கத்தான் செய்வார்கள். 'ஆங்கிலத்தில் அடி, தமிழ் வேலை செய்யாது' என்று சொல்லி அனுப்பினால், கம்ப்யூட்டருக்குத் தன் மொழி ஆகாது என்றுதான் அந்தப் பையன் எடுத்துக்கொள்வான். ஆறு மாதம் கழித்து அவன் திரும்பவும் கேட்க மாட்டான்.

தேவை வந்ததில்லை என்றீர்கள். மீனாட்சி என்ற பெயர் பைத்தானில் 8 கோட் பாயிண்ட். பில்லில் இடமில்லை என்று 7-ல் வெட்டினால் 'மீனாட்ச' என்று நிற்கும், 5-ல் வெட்டினால் 'மீனாட'. எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70. அதிலும் குறிகளைத் தனித்தனியாகத்தான் எண்ணுவார்கள். பெயர் பாதியில் வெட்டுப்பட்டு வரும் பில்லும் மெசேஜும் சென்னையில் யார் வீட்டுக்கும் புதிதல்ல. அதை எழுதியவர் ஆங்கிலத்தில் மட்டும் டெஸ்ட் செய்த ஒருவர்.

முதலாண்டு_மாணவி:

மீனா அக்காவின் வகுப்பில் நானும் இருக்கிறேன். வீட்டுக்கு வந்து வேறு சொற்களைக் கொடுத்துப் பார்த்தேன். பாப்பா, குடகு, தேருவருதே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றது. எதிர்பார்த்ததுதான். ஆனால் காக வாகனம் என்பதில் வரும் 'காக' என்ற சொல்லை மட்டும் கொடுத்தால் 'ஆம்' என்கிறது! கா, க இரண்டும் வேறு எழுத்துதானே? எழுத்தெண்ணி அண்ணா, இது எப்படி?

எழுத்தெண்ணி:

அருமையான கேள்விம்மா. பைத்தானின் கண்ணுக்கு 'காக' என்பது க, துணைக்கால், க. மூன்றைத் திருப்பினாலும் அதே வரிசைதான். அதாவது இந்த புரோகிராம் ஆம் என்பதற்கு இல்லை என்கிறது, இல்லை என்பதற்கு ஆம் என்கிறது. இரண்டு பக்கமும் தப்பு செய்யும் புரோகிராமை 'தமிழுக்கு மட்டும் கொஞ்சம் சரியாக வராது' என்று சொல்லிக் கடந்துபோக முடியாது.

சரி செய்ய ஒரு சின்ன லூப் போதும். ஸ்ட்ரிங்கிலிருந்து ஒவ்வொரு கோட் பாயிண்ட்டாக எடு. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலில் அதன் கேட்டகரியைக் கேள். 'எம்' என்ற எழுத்தில் தொடங்கினால், லிஸ்ட்டில் கடைசியாக இருப்பதோடு ஒட்டு. இல்லாவிட்டால் லிஸ்ட்டில் புதிதாகச் சேர். துணைக்கால், கொம்பு, மெய்ப்புள்ளி எல்லாமே எம் வகைதான். ஆய்தம் எழுத்து வகையில் இருப்பதால் தனியாக நிற்கும், நம் இலக்கணத்துக்கும் அதுதான் சரி. லூப் முடிந்ததும் ஸ்ட்ரிங்கை விட்டுவிட்டு லிஸ்ட்டைத் திருப்பி ஒப்பிடு. விகடகவி 'ஆம்', காக 'இல்லை'.

ரெடிமேடாக வேண்டுமென்றால் ஓபன்-தமிழ் தொகுப்பில் எழுத்தாகப் பிரித்துத் தரும் ஃபங்ஷன் இருக்கிறது. முதல் தடவை நீயே எழுது.

சுட்டி:

இந்த லூப்பை நான் ஒப்புக்கொள்கிறேன். ஸ்லைஸை விட இது நல்ல பயிற்சி, பிள்ளைக்கு இப்போதுதான் கையில் வேலை வந்திருக்கிறது. சி-யிலும் எழுதிப் பார்த்தேன். முதல் பைட்டின் மேல் பிட்டுகளைப் பார்த்தால் எத்தனை பைட் எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். மூன்றையும் ஷிஃப்ட் செய்து சேர்த்தால் எண் கிடைக்கும். அந்த எண் 3006-லிருந்து 3021-க்குள் இருந்தால் அது உயிர்க்குறி அல்லது மெய்ப்புள்ளி, முந்தையதோடு ஒட்டிவிடலாம். பிட் ஷிஃப்ட் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் 2021 பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு சி இரண்டாம் செமஸ்டரில் வருகிறது, இதுவும் அங்கேதான் வர வேண்டும். முதல் மாதத்தில் வேண்டாம் என்ற என் பேச்சில் மாற்றமில்லை.

போரூர்_எலிக்ஸிர்:

இவ்வளவு சுற்றுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. எலிக்ஸிரில் ஸ்ட்ரிங்கைத் திருப்பு என்றால் எழுத்து எழுத்தாகத் திருப்புகிறது, ஒரே வரி. ஸ்விஃப்ட்டும் அப்படித்தான். ஜாவாஸ்கிரிப்ட்டில்கூட இப்போது எழுத்தாகப் பிரித்துத் தரும் செக்மென்ட்டர் இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸும் 2024-ல் சேர்த்துவிட்டது. சரியாகச் செய்யும் மொழியைக் கையில் கொடுங்கள். பழைய மொழிகளின் குறையைப் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்?

எழுத்தெண்ணி:

அந்த ஒரு வரியில் 'லக்ஷ்மி' எத்தனை எழுத்து என்று கேளுங்கள். 4 என்று வரும்: ல, க், ஷ், மி. க்ஷ-வை ஒரே எழுத்தாகப் படித்தவர்களுக்கு 3. யூனிகோடின் பொது விதி தமிழ் க்ஷ-வைச் சேர்த்து வைப்பதில்லை. க்ஷ நம் 247-ல் இல்லை, அதனால் என்னைப் பொறுத்தவரை 4 சரி. வேறொருவர் 3 தான் வேண்டும் என்றால் அவர் தன் லூப்பில் ஒரு நிபந்தனை சேர்த்துக்கொள்வார். லூப் எழுதத் தெரிந்தவருக்குத்தான் அது முடியும். ஒரு வரியோடு நின்றவர் மொழி சொன்னதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து டேஸ்-16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்தது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண், வெறும் ஸ்லைஸே வேலை செய்யும். ஆனால் போனிலும் வெப்பிலும் ஓடுவது யூனிகோட். பிள்ளைகள் அதில்தான் பழக வேண்டும்.

ஓஎம்ஆர்_குமார்:

மீனாட்சி உதாரணம் யோசிக்க வைத்தது, மறுக்கவில்லை. ஆனாலும் வரிசை முக்கியம். முதலில் ஆங்கிலத்தில் 'ஆம்' வரட்டும், அந்தச் சந்தோஷத்தோடு அதே வகுப்பில் விகடகவியைக் கொடுங்கள். ஆறு மாதம் என்றதை அரை மணி நேரமாகக் குறைத்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே வர மாட்டேன்.

அப்புறம், என் ஸ்பேஸ் கேள்வி தமிழிலும் நிற்கிறது. திருப்பிப் படித்தாலும் அதே பாட்டாக வரும் சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தில் முதல் பாட்டு 28 எழுத்து. எல்லாமே நெடில் உயிர்மெய், ஆக 56 கோட் பாயிண்ட். அச்சில் சீர் பிரித்துப் போட்டிருப்பார்கள். ஸ்பேஸை எடுக்காமல் கொடுத்தால் உங்கள் லூப்பும் 'இல்லை' என்றுதான் சொல்லும்.

முதலாண்டு_மாணவி:

ஸ்பேஸை எடுத்துவிட்டுக் கொடுத்தேன், 'ஆம்' வந்துவிட்டது! ஆனால் இன்னொன்று. மோருபோருமோ என்று நான் அடித்தால் 'ஆம்'. அப்பாவின் பழைய ஃபைலிலிருந்து முதல் 'மோ'வை மட்டும் காப்பி செய்து, மீதியை அடித்தால் 'இல்லை'. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

எழுத்தெண்ணி:

அந்த ஃபைல் பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றியதாக இருக்கலாம். 'மோ'வின் ஓகாரக் குறியை ஒரே கோட் பாயிண்ட்டாகவும் போடலாம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் போடலாம். இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டையும் ஒரே வடிவமாக்க, அதே யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் இருக்கிறது. லூப்புக்கு முன்னால், குறியை ஒரே கோட் பாயிண்ட்டாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடு.

சுட்டி:

பார்த்தீர்களா, முதல் மாதத்துக்குள் நார்மலைசேஷன் வரை வந்துவிட்டோம்!

மடிப்பாக்கம்_மீனா:

அதைக் கேட்டது முதல் வருடப் பிள்ளை சார், நாம் யாரும் சொல்லித்தரவில்லை.

குமார் சொன்ன வரிசையில் அடுத்த ஞாயிறு எடுக்கிறேன்: ஆங்கிலத்தில் 'லெவல்', பிறகு விகடகவி, பிறகு காக. லூப்பை அவர்களே எழுதட்டும், மொழி பைத்தானே. நார்மலைஸை நானாக எடுக்கப் போவதில்லை, யாராவது கேட்டால் மட்டும் சொல்வேன். சுட்டி சார், உங்கள் சி வடிவத்தை இங்கே போடுங்கள், இரண்டாம் செமஸ்டருக்கு எடுத்து வைத்துக்கொள்கிறேன். எலிக்ஸிர் நண்பரும் தன் ஒரு வரியைப் போட்டால், பிள்ளைகள் தங்கள் லூப்பின் பதிலோடு ஒத்துப் பார்ப்பார்கள்.