வேலி இல்லாத முகாமில் தனி ஆளாக: துணிச்சலா, அசட்டுத்தனமா?

வழிப்போக்கன்:
செப்டம்பரில் போட்ஸ்வானா போகிறேன். மாவுன் ஊரில் ஹைலக்ஸ் பிக்கப் வண்டி வாடகைக்கு எடுத்து, மொரெமி வனவிலங்குக் காப்பகத்தில் தேர்ட் பிரிட்ஜ் முகாம், அப்புறம் க்வாய், சவூட்டி, கடைசியில் கசானே. வண்டிக் கூரையில் விரிக்கும் கூடாரம். முகாம்களுக்கு வேலி கிடையாது என்று தெரியும். வீட்டில் பைத்தியம் என்கிறார்கள். தனியாகப் போவதில் அப்படி என்ன தவறு?

கடலோடி:
தவறில்லை, அசட்டுத்தனம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் முகாமைச் சுற்றி வேலி உண்டு, பொழுது சாய்ந்தால் கதவைப் பூட்டிவிடுவார்கள். அங்கே தனியாகப் போங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். மொரெமியில் சிங்கம் உங்கள் அடுப்போரமாகவே நடந்து போகும். ராத்திரி ஒன்றுக்குப் போக ஏணியில் இறங்கினால் டார்ச் அடித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா?

நீலமேகம்:
எதற்கு இறங்க வேண்டும்? மூடி போட்ட ஒரு டப்பா மேலே இருந்தால் வேலை முடிந்தது. நான் ஒரு பொம்பளை, தனியாகத் தங்கிவிட்டு வந்தவள், அதனால் சொல்கிறேன். ஜிப் மூடிய கூடாரத்தைப் பொதுவாக மிருகங்கள் சீண்டுவதில்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். புழுக்கம் என்று ஜிப்பைத் திறந்து போட்டுத் தூங்குவதுதான் வம்பு.

தேர்ட் பிரிட்ஜில் படுத்த பிறகு ஒரு கழுதைப்புலி வந்தது. இறைச்சி சுட்ட கம்பித்தட்டைக் கொழுப்பு வாசனைக்கு நக்கியது, தட்டு கல்லில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஏணிக்கு நேர் கீழே வந்து மூச்சு விட்டது. மேலே அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நக்கி முடித்ததும் போய்விட்டது. செருப்பை மட்டும் கீழே விடாதீர்கள் தம்பி. தோல் என்றால் தூக்கிக்கொண்டு போய்விடும்.

கடலோடி:
அது உங்கள் அதிர்ஷ்டம் மேடம். யானை அண்ணாந்து பார்க்க வேண்டியதே இல்லையே, உங்கள் கூடாரம் அதன் கண் உயரத்தில்தான் இருக்கும்.

செம்மண்:
யானை பற்றி நான் சொல்கிறேன். சவூட்டியில் குளியலறைக் கட்டடத்தைப் பார்த்தாலே புரியும். தண்ணீர்க் குழாயைத் தேடி யானைகள் உடைத்துக்கொண்டே இருந்ததால், சுற்றிலும் தடித்த மதில் எழுப்பிக் கோட்டை மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள். யானைக்கு உங்கள் மேல் பகை ஒன்றும் கிடையாது. செப்டம்பர், அக்டோபரில் வறட்சி உச்சம், அதற்குத் தண்ணீர் வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சை எதுவும் வண்டியில் ஏற்றாதீர்கள். பழ வாசனைக்கு வண்டியைப் பிரித்துப் போடும் என்பதால்தான் ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் பூங்காவில் பழம் கொண்டுபோகவே தடை. பகலில் பபூன் குரங்குகளிடம் கேளுங்கள், ரொட்டியை எங்கே ஒளித்திருக்கிறீர்கள் என்று அவை சொல்லும் 😀

ஆனால் நீங்கள் இருவரும் ராத்திரியைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். தனி ஆளுக்கு ஆபத்து பகலில், க்வாயிலிருந்து சவூட்டி போகும் மணலில். அச்சு வரை புதைந்தால் மண்வெட்டியோடு குனிய வேண்டும். குனிந்தவனுக்கு முதுகுப்பக்கம் புல்லில் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது?

கடலோடி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்! இவர் வந்து சேரவில்லை என்றால் தேடி வருபவனும் அதே மணலில்தான் வர வேண்டும். சொந்த உயிர் சொந்த விருப்பம் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

நீலமேகம்:
ரெண்டு பேர் போனாலும் வண்டி புதையும். புதையாமல் இருக்க வழி, மணலுக்கு முன்பே டயர் காற்றை 1.6 பார் அளவுக்கு இறக்குவது. சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு நடக்கக்கூடாது, சாட்டிலைட் போன் இருக்கிறது, சீசனில் அந்தப் பாதையில் வேறு வண்டிகளும் வரும். இன்னொன்று, கடலோடி சார். நான் பார்த்த வரையில் நாலு பேர் கூடின முகாமில்தான் பீரும் பேச்சுமாக இருட்டில் அங்கும் இங்கும் நடக்கிறார்கள், குப்பையை அப்படியே விட்டுவிட்டுப் படுக்கிறார்கள். தனி ஆள் பயத்தில் இருட்டுவதற்குள் சமைத்து, கழுவி, மேலே ஏறிவிடுவான்.

கடலோடி:
பயம் இருக்கும் ஆளுக்கு அது சரி. பயமே இல்லாமல் "என்ன தவறு" என்று கேட்கும் ஆளுக்கு?

வழிப்போக்கன்:
பயம் இருக்கிறது சார், அதனால்தானே இங்கே கேட்கிறேன். சரி, மணல் விஷயத்தில் செம்மண் சொல்வது உறைக்கிறது. சவூட்டி வழியில் இருக்கும் மபாபே கேட்டில் காத்திருந்து, சவூட்டி போகும் வேறு வண்டி பின்னாலேயே போகிறேன். தூங்குவது தனியாகத்தான்.

கடலோடி:
அந்த வண்டிக்காரர் சம்மதித்தால் சரி. இல்லையென்றால் கேட்டிலிருந்தே திரும்பிவிடுவீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

செம்மண்:
நல்ல கேள்வி. அதோடு, காற்றை இறக்கினால் மறுபடி ஏற்றவும் வேண்டும். கம்ப்ரசர் வேலை செய்கிறதா என்று மாவுனிலேயே நாலு டயரிலும் அடித்துப் பாருங்கள். வாடகை வண்டியில் கொடுப்பது பாதி நேரம் ஒப்புக்குத்தான் இருக்கும்.