பீட்டில் 1600 இன்ஜின் புதுப்பிப்பு: 87 மி.மீ. பிஸ்டன் செட் வாங்கலாமா?

கேள்வி (வண்டுக்காரன்):
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1972-ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஒன்று உள்ளது. அதில் இருப்பது 1584 சி.சி. கொண்ட, காற்றால் குளிரும் இன்ஜின். கொஞ்ச காலமாக நீலப் புகை வருகிறது. ஆயிலும் வேகமாகக் குறைகிறது. பின்பக்கப் புல்லியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ‘டக், டக்’ என்ற சத்தம் தெளிவாகக் கேட்கிறது. இன்ஜினை இறக்கிவிட்டேன், இன்னும் பிரிக்கவில்லை.

உதிரிபாகம் விற்பவர், கேஸை (இன்ஜினின் வெளிக்கூடு) வெட்டாமலே பொருந்தும் 87 மி.மீ. பிஸ்டன், சிலிண்டர் செட்டைப் போட்டால் 1641 சி.சி. கிடைக்கும் என்கிறார். விலையும் பழைய 85.5 மி.மீ. செட்டின் விலையேதான். எனக்கு வேகம் பெரிதல்ல, நீண்ட பயணத்தில் நடுவழியில் நிற்காமல் ஓடினால் போதும். எந்த அளவை வாங்குவது? பேரிங், கேம் ஷாஃப்ட், ஆயில் பம்ப் ஆகியவற்றையும் ஒரே முறையில் வாங்கிவிடலாமா?

மறுமொழி 1 (கரிக்கை):
நண்பரே, 87 மி.மீ. செட்டை வாங்க வேண்டாம். கேஸில் இறங்கும் பகுதியின் வெளிவிட்டத்தை மாற்றாமல் உள்துளையை மட்டும் 1.5 மி.மீ. பெரிதாக்கியிருக்கிறார்கள் என்பதால், சிலிண்டர் சுவர் பக்கத்துக்கு 0.75 மி.மீ. மெலிந்துபோகிறது. தண்ணீர் இல்லாத இன்ஜினில் சூட்டை வெளியே கடத்துவதும் வட்டம் குலையாமல் ரிங்குக்கு இடம் கொடுப்பதும் அந்தச் சுவர்தான். இவ்வளவையும் விட்டுக்கொடுத்துப் பெறுவது 57 சி.சி.

நானும் ஒருமுறை இதே பேச்சை நம்பி அந்தச் செட்டைப் போட்டேன். முதல் சில மாதங்கள் நன்றாக ஓடியது. பிறகு ஆயில் மறுபடியும் குறையத் தொடங்கியது. கழற்றி அளந்தபோது நான்கில் மூன்று சிலிண்டர்கள் நீள்வட்டமாக இருந்தன.

கூடுதல் திறன் வேண்டும் என்றால் 90.5 மி.மீ. செட்டுக்குப் போகலாம், 1776 சி.சி. கிடைக்கும், சுவரும் தடிமனாக இருக்கும். ஆனால் அதற்குக் கேஸையும் ஹெட்டையும் (சிலிண்டரின் மேல்மூடி) துல்லியமாக வெட்டித் தரும் பட்டறை வேண்டும். தங்கள் தேவைக்கு 85.5 மி.மீ. போதும்.

மறுமொழி 2 (பழைய ஸ்பானர்):
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பிஸ்டனைவிட அந்த ‘டக், டக்’ சத்தம்தான் எனக்குக் கவலை தருகிறது. கிராங்க் ஷாஃப்ட்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) முன்பின் அசைவு 0.07 முதல் 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், 0.15 மி.மீ. அதன் கடைசி எல்லை. காதில் விழும் அளவுக்கு ஆடுகிறது என்றால் அந்த எல்லை தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஃப்ளைவீலுக்குப் பின்னால் உள்ள மூன்று ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையங்கள்) மாற்றினாலே சரியாகிவிடலாம். ஆனால் கேஸில் முதல் பேரிங் உட்காரும் இடமே அடிவாங்கியிருந்தால் ஷிம் எதற்கும் உதவாது.

ஆகவே பேரிங்கை இப்போது வாங்காதீர்கள். கிராங்கையும் பேரிங்குகளையும் எடுத்துவிட்டு, கேஸின் இரண்டு பாதிகளை மட்டும் சேர்த்து முறைப்படி முறுக்கி, பேரிங் துளைகளை டயல் கேஜால் பல திசைகளில் அளக்கச் சொல்லுங்கள். முதல் மூன்று துளைகளில் 65 மி.மீ. இருக்க வேண்டும். கேஸ் மக்னீசியக் கலவை என்பதால் நடுப் பேரிங் இடம் பல ஆண்டு ஓட்டத்தில் நசுங்கிப் பெரிதாவது வழக்கம். அதை 0.50 மி.மீ. பெரிதாக வெட்டினால், வெளிவிட்டம் அந்த அளவுக்குப் பெரிய பேரிங் வேண்டும், கிராங்கை 0.25 மி.மீ. தேய்த்துச் சரிசெய்தால் உள்விட்டமும் மாறும். இரண்டு எண்களும் கையில் வந்த பிறகே பேரிங்குக்குச் சொல்ல வேண்டும். (அவசரப்பட்டு வாங்கிய ஒரு பேரிங் செட் என் அலமாரியில் பிரிக்கப்படாமலே கிடக்கிறது.)

ஹெட் ஸ்டட்களையும் (ஹெட்டைக் கேஸோடு பிணைக்கும் மரைக்கம்பிகள்) பாருங்கள். 10 மி.மீ. ஸ்டட் உள்ள கேஸ்களில் மரை உருவிக்கொண்டு வரும். நட்டை முறுக்கும்போது இறுக்கம் கூடாமல் ‘வழுவழு’வென்று சுற்றிக்கொண்டே போனால் அதுதான் அறிகுறி. ஒரு மரை போனாலும், எல்லா ஸ்டட்களுக்கும் எஃகு இன்செர்ட் (புது மரை உள்ள உறை) வைத்துவிடுவது நல்லது. ஹெட்டில் ஸ்பார்க் பிளக் துளைக்கும் வால்வ் சீட்டுக்கும் நடுவே விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வ்களை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், புதிதாகவே போடுங்கள். தலை முறிந்து உள்ளே விழுந்தால் இன்ஜினே போய்விடும்.

மறுமொழி 3 (நாலு சிலிண்டர்):
கேம் ஷாஃப்ட் புதிது என்றால் லிஃப்ட்டர்களும் (கேமின் அசைவை வால்வ் பக்கம் கடத்தும் துண்டுகள்) புதிதாக இருக்க வேண்டும். தேய்ந்த லிஃப்ட்டர் புதிய கேமைச் சில மணி நேரத்திலேயே கெடுத்துவிடும். முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடாமல், 2000 ஆர்.பி.எம். அளவில் 20 நிமிடம் ஓட்டுங்கள். கேம் கியரில் மூன்று ரிவெட்டா நான்கா என்று பார்த்து அதற்கான ஆயில் பம்ப்பையே வாங்க வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது.

தெர்மோஸ்டாட்டையும் காற்றுத் தடுப்புத் தகடுகளையும் ‘தேவையில்லை’ என்று கழற்றிவிடாதீர்கள்.

வண்டுக்காரன்:
மிக்க நன்றி. பிரித்து அளந்தாயிற்று. நடுப் பேரிங் இடம் பெரிதாகியிருக்கிறது, கேஸை 0.50 மி.மீ. வெட்டக் கொடுத்துள்ளேன். கிராங்க் மெருகேற்றினாலே போதும் என்கிறார்கள். 85.5 மி.மீ. செட் என்று முடிவு செய்துவிட்டேன். ஹெட்டின் முகத்தைச் சற்றுச் செதுக்க வேண்டியிருக்கிறது. அதனால் கம்ப்ரஷன் மிகுந்துவிடுமா?

பழைய ஸ்பானர்:
மிகும். செதுக்கிய பிறகு ஹெட்டின் குழியைச் சிரிஞ்சால் எண்ணெய் விட்டு அளந்துகொள்ளுங்கள். 7.5 கம்ப்ரஷன் விகிதத்துக்கு, பிஸ்டன் மேலே நிற்கும்போது மிஞ்சும் மொத்த இடம் சிலிண்டருக்குச் சுமார் 61 சி.சி. இருக்க வேண்டும். இந்தத் துளையில் ஒரு மி.மீ. இடைவெளி 5.7 சி.சி.க்குச் சமம், குறைவதைச் சிலிண்டரின் அடியில் ஷிம் வைத்து ஈடுசெய்யலாம். ஒரு பக்கத்தில் போடும் ஷிம்மை மறுபக்கத்திலும் போடுங்கள், புஷ் ராட் (லிஃப்ட்டரின் அசைவை ஹெட்டுக்குக் கொண்டுபோகும் கம்பி) நீளத்தையும் பிறகு சரிபாருங்கள்.