அசென்ஷன் தீவில் மலையுச்சி மட்டும் பசுமையாக இருப்பது எதனால்?

வினா: பூகோளன்

அனைவருக்கும் வணக்கம். தென் அட்லாண்டிக்கில், ஆப்பிரிக்காவுக்கும் பிரேசிலுக்கும் இடையே, நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ எட்டுப் பாகை தெற்கே இருக்கும் அசென்ஷன் தீவின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்ததிலிருந்து எழுந்த சில ஐயங்களை இங்கே வைக்கிறேன். தீவின் பரப்பு 90 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. தாழ்நிலம் முழுவதும் செங்கற்சூளையிலிருந்து அள்ளிக் கொட்டிய கசடு போலச் சிவப்பும் கறுப்புமாகக் கிடக்கிறது. எங்கு பார்த்தாலும் பழைய எரிமலைக் கூம்புகள். ஆனால் 859 மீட்டர் உயரமுள்ள கிரீன் மவுண்டன் என்னும் மலையின் மேற்பகுதியில் மட்டும் மழைக்காடு என்று சொல்லத்தக்க அடர்ந்த பச்சை தெரிகிறது. கரையிலிருந்து அந்த உச்சிக்கு நேர்கோட்டில் சில கிலோமீட்டர் தொலைவுதான்.

இவ்வளவு சிறிய இடத்துக்குள் பாலையும் காடும் எப்படி அடுத்தடுத்து அமைந்தன? அந்தக் காடு முழுவதும் ஆங்கிலேயர் நட்டு வளர்த்தது, அதனால் தீவில் மழையே கூடிவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். இதில் எவ்வளவு உண்மை? எரிமலை அணைந்துவிட்டதா? பாறை கறுப்பாக இருக்கும்போது கடற்கரை மணல் மட்டும் ஏன் வெளிர்நிறமாக இருக்கிறது? பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குத் தீவுகளைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருப்பதால், விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: கருங்கல்

வணக்கம் ஐயா. முதல் கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன். தாவரங்களைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

அசென்ஷன் தென்கிழக்கு வியாபாரக் காற்று வீசும் பட்டையில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி ஒரே திசையிலிருந்து, ஏறக்குறைய ஒரே வேகத்தில் காற்று வருகிறது. நெடுந்தூரம் கடல்மேல் வருவதால் அதன் அடியடுக்கில் ஈரம் நிறைந்திருக்கிறது. ஆனால் அதற்கு மேலே, கீழ்நோக்கி அமிழ்ந்து வரும் வறண்ட வெப்பமான காற்று ஒரு மூடியாக அமர்ந்திருப்பதால் மேகங்கள் உயர்ந்து வளர்ந்து பெருமழையாகப் பொழிய முடிவதில்லை. ஆகவே சமதளமான கடலுக்கும் கரைக்கும் மேலே அவை பெய்யாமலே கடந்து போகின்றன. கடற்கரையில் ஆண்டு முழுவதற்கும் கிடைக்கும் மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. இதே காற்று மலைச்சரிவில் மோதி மேலே தள்ளப்படும்போது, நூறு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் வீதம் குளிர்ந்து, மேற்சரிவுகளுக்கு வந்து சேர்வதற்குள் நீராவி ஒடுங்கி மூடுபனியாகிவிடுகிறது. உச்சியில் மழை கரையைப் போலப் பல மடங்கு பெய்கிறது. மழைமானியில் விழாமல் இலையிலும் பாசியிலும் படிந்து சொட்டும் பனிநீர் அதற்கும் மேல்.

இரண்டாவது காரணம் மண். தாழ்நிலத்தை மூடியிருக்கும் கசடும் அண்மைக்கால எரிகுழம்புப் பாறையும் துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தவை. பெய்கிற சிறிதளவு மழையும் உடனே கீழே இறங்கிவிடும். அதனால் தீவில் ஆறு என்று எதுவும் கிடையாது. மலைமேல் நிலைமை வேறு. அங்கே நீண்ட காலம் ஈரத்தில் கிடந்த சாம்பலும் பாறையும் சிதைந்து களியாகியிருப்பதால் நீர் தங்குகிறது, சில இடங்களில் ஊற்றாகக் கசிகிறது. 1701-இல் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியரின் ரோபக் என்ற கப்பல் ஓட்டை விழுந்து இத்தீவின் கரையோரம் மூழ்கியபோது, கரையேறிய மாலுமிகள் உயிர் பிழைத்தது அப்படி ஓர் ஊற்றால்தான். தாங்கள் கூடாரம் அடித்திருந்த இடத்திலிருந்து எட்டு மைல் தொலைவில், மிக உயர்ந்த மலைக்கு அப்பால் அதைக் கண்டதாக டாம்பியர் எழுதியிருக்கிறார். ஐந்து வாரங்களுக்கு மேல் அங்கே தாக்குப்பிடித்த பிறகே அவர்களுக்குக் கப்பல் கிடைத்தது.

மாணவர்களிடம் படத்தைக் காட்டும்போது கூம்புகளை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். தீவில் 44 எரிமலை வாய்கள் இருப்பதாகப் பொதுவாகச் சொல்வார்கள். அவற்றில் பலவற்றின் விளிம்பு ஒரே உயரமாக இராது. காற்று வரும் பக்கம் தாழ்ந்தும், காற்று போகும் பக்கம் உயர்ந்தும் இருக்கும். வெடித்துக் கிளம்பிய கசடைக் காற்று ஒரே பக்கமாகத் தள்ளிக் குவித்ததுதான் காரணம். 1836-இல் இங்கே வந்த டார்வின் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். காற்றின் திசை பல்லாயிரம் ஆண்டுகளாக மாறவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பள்ளிப் பாடத்துக்குக் கிடைப்பது அரிது.

தலைநகரான ஜார்ஜ்டவுன் காற்று மறைவான மேற்குக் கரையில், தண்ணீரே இல்லாத இடத்தில் அமைந்திருப்பதும் இந்த நில அமைப்பின் விளைவே. கப்பலிலிருந்து இறங்க அங்கேதான் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். தண்ணீரோ மலைக்கு மேலே. முதலில் சுமந்தும் பிறகு குழாய் போட்டும் நீரைக் கீழே கொண்டுவந்தார்கள். நீர் சுமப்போர் வெயிலுக்கு ஒதுங்குவதற்காகப் பாதி வழியில் பழைய படகைச் செங்குத்தாக நட்டுவைத்த இடம்தான் இன்று டூ போட்ஸ் என்ற ஊர்.

மறுமொழி: பெரணி

காட்டைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஹூக்கர் என்ற ஆங்கிலத் தாவரவியலாளர் மரம் நட்டார், காடு உண்டாயிற்று, மழை கூடியது என்று ஒரே மூச்சில் சொல்லப்படுவதை மூன்று தனித்தனிக் கூற்றுகளாகப் பிரித்துப் பார்ப்பதே முறை என்று நினைக்கிறேன்.

ஜோசஃப் ஹூக்கர் இத்தீவுக்கு வந்தது 1843-இல். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு டார்வின் ஏறிய மலைக்கு அப்போதே பச்சைக் குன்று என்றுதான் பெயர். கரையோரம் எதுவுமே முளைக்கவில்லை, நடுவிலிருக்கும் உயர்நிலத்தில் புல் பரவியிருக்கிறது, ஏறத்தாழ 600 செம்மறியாடுகளும் பல வெள்ளாடுகளும் சில மாடுகளும் குதிரைகளும் அதை மேய்ந்து வாழ்கின்றன என்கிறார் அவர். அதாவது ஹூக்கருக்கு முன்பும் உச்சி பச்சையாகவே இருந்தது. ஆனால் அது பெரணி, பாசி, புல் ஆகியவற்றின் குட்டைப் பச்சை, மரமே இல்லை. தாவர வளம் இவ்வளவு குறைவாக இருந்ததற்குத் தீவின் தனிமையும் இளவயதும் முதல் காரணம். போர்த்துகீசியர் விட்டுச்சென்ற வெள்ளாடுகள் பல தலைமுறைகளாக மேய்ந்தது அடுத்த காரணம்.

நெப்போலியனைச் செயின்ட் ஹெலினாவில் சிறைவைத்த 1815-இல்தான் பிரித்தானியக் கடற்படை அசென்ஷனில் காவற்படை நிறுத்தியது. அவர்களுக்கு எப்போதும் தண்ணீர்த் தட்டுப்பாடு. உச்சியில் மரங்களை நட்டால் மூடுபனியிலிருந்து நீரைப் பிடிக்கலாம், சரிவுகளில் தாவரங்கள் பரவினால் மண் உருவாகும் என்று ஹூக்கர் யோசனை சொன்னார். 1850 முதல் லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவின் ஏற்பாட்டில் பல நாட்டுச் செடிகள் ஆண்டுதோறும் கப்பலில் வந்து இறங்கின. 1870-களின் இறுதிக்குள் நார்ஃபோக் பைன், யூகலிப்டஸ், மூங்கில், வாழை எல்லாம் மலைமேல் வேரூன்றிவிட்டன. இன்றும் உச்சியில் இருக்கும் சிறு குளத்துக்கு மூங்கில் புதருக்குள் நுழைந்துதான் போக வேண்டும். அடர்த்தியின் காரணமாகப் பகலிலும் அங்கே வெளிச்சம் மங்கலாகவே இருக்கும், தலைக்கு மேலே கழிகள் உரசும் ஓசையும் நீர் சொட்டும் ஓசையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே முதல் இரண்டு கூற்றுகளும் பெருமளவு சரி. இயல்பில் ஒன்றோடொன்று சேர்ந்து பரிணமிக்காத செடிகள், ஒன்றரை நூற்றாண்டுக்குள் ஒரு மேகக்காடாக இயங்கத் தொடங்கியதை 2004-இல் டேவிட் வில்கின்சன் என்ற சூழலியலாளர் எடுத்துக்காட்டிய பிறகே ஆய்வுலகம் இதைக் கூர்ந்து கவனித்தது. மூன்றாவது கூற்றை நான் ஏற்பதில்லை. மலை இருப்பதால் மேகம் படிகிறது. மரம் அந்த மேகத்திலிருந்து கூடுதலாகச் சொட்டவைக்கிறது. அது வேறு, வானத்திலிருந்து விழும் மழை கூடுவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு மரம் நட்டால் மழை வரும் என்பதற்கு இத்தீவைச் சான்று காட்டுவது பொருந்தாது.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். உலகில் வேறெங்கும் இல்லாத, இத்தீவுக்கே உரிய தாவரங்களில் இன்று எஞ்சியிருப்பவை ஏழே ஏழு. அவற்றில் ஐந்து பெரணிகள். அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டிருந்த ஒரு குட்டிப் பெரணியை 2009-இல் மலையின் செங்குத்தான சரிவொன்றில் கண்டுபிடித்தார்கள். வித்துத்தூள் ஒட்டியிருந்த இலைத்துணுக்குகளைக் கியூவுக்கு அனுப்பி அங்கே வளர்த்தெடுத்திருக்கிறார்கள். ஆனால், வந்தேறி மரங்களை எல்லாம் வெட்டிவிட்டால் பழைய நிலை திரும்பிவிடும் என்றும் சொல்ல முடியாது. தீவுக்கே உரிய இன்னொரு சிறு பெரணி, வெளிநாட்டு மரங்களின் தண்டில் படர்ந்த பாசியில்தான் இப்போது செழிப்பாக வளர்கிறது.

படத்தில் தாழ்சரிவுகளில் திட்டுத்திட்டாகத் தெரியும் சாம்பல் பச்சைக்கும் ஹூக்கருக்கும் தொடர்பில்லை. அது இராமநாதபுரத்துக்காரர்களுக்கு அறிமுகமே தேவைப்படாத சீமைக்கருவேலம். 1960-களில் டூ போட்ஸ் ஊரைக் கட்டியபோது கொண்டுவரப்பட்டது. காட்டுக் கழுதைகளும் ஆடுகளும் நெற்றைத் தின்று விதைகளைச் சாணத்தோடு பரப்பிவிட, இன்று வெறும் எரிகுழம்புப் பாறையிலும் அது பிடித்துக்கொண்டுவிட்டது. வெள்ளைக்காரர் நட்டதெல்லாம் வெற்றி என்று எழுதுகிறவர்கள் இந்த முள்ளைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பூகோளன்

இருவருக்கும் மிக்க நன்றி. அங்கேயும் சீமைக்கருவேலம் இருப்பது எனக்குப் புதிய செய்தி. மாணவர்களுக்கு அது ஒன்றே போதும், பாடம் மனத்தில் நின்றுவிடும். எரிமலையும் மணலும் மட்டும் மீதமிருக்கின்றன. எங்கள் பாடக் குறிப்பொன்றில் அணைந்த எரிமலை என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

மறுமொழி: நெய்தல்

அந்தக் குறிப்பைத் திருத்திவிடுங்கள் ஐயா. 1501-இல் போர்த்துகீசியக் கடலோடி ஜோவா ட நோவா இத்தீவைக் கண்டார்; 1503-இல் அல்புகெர்க் (பின்னாளில் கோவாவைக் கைப்பற்றியவரே) கிறிஸ்து விண்ணேறிய திருநாளன்று இங்கு வந்ததால் இப்பெயர் இட்டார். அன்றுமுதல் இன்றுவரை இங்கே எரிமலை வெடித்ததை யாரும் பார்த்ததில்லை என்பது சரியே. ஆனால் பாறைகளின் வயதைக் கணித்து 2018-இல் வெளியான ஆய்வின்படி, தீவின் மிக இளைய எரிகுழம்பு ஓட்டங்களுக்கு வயது ஏறத்தாழ 500 ஆண்டுகளே. கடல்மட்டத்துக்கு மேலே தெரியும் தீவே பத்து லட்சம் ஆண்டுப் பழமை உடையது என்னும்போது, 500 ஆண்டு அமைதியை வைத்து அணைந்துவிட்டதாக முடிவு கட்ட முடியாது. உறங்கும் எரிமலை என்பதே சரி. வடமேற்கில் சிஸ்டர்ஸ் பீக் என்னும் செந்நிறக் கூம்பைச் சுற்றியுள்ள பாறைப்பரப்பில் இன்னும் மண்ணே உண்டாகவில்லை. கைவைத்தால் கிழிக்கும் அளவுக்கு விளிம்புகள் கூராக இருக்கின்றன.

நாம் தீவு என்று பார்ப்பது எரிமலையின் நுனியைத்தான். அதன் அடி ஏறத்தாழ 3000 மீட்டர் ஆழத்தில் இருக்கும் கடல்தரையில், 60 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது. கடல்தரை பிளந்து விலகும் நடு அட்லாண்டிக் மலைத்தொடரின் அச்சு இங்கிருந்து கிழக்கே 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பாறைகளும் ஒரே வகையல்ல: பெரும்பகுதி கரிய பசால்ட், கிழக்குப் பக்கம் வெளிறிய டிராக்கைட். கிழக்குக் கரைக்குச் சற்று வெளியே செங்குத்தாக எழுந்து நிற்கும் போசன் பேர்ட் தீவு முழுவதும் டிராக்கைட்தான். அதன்மேல் பறவை எச்சம் வெள்ளையாகப் படிந்திருக்கும். காவற்படையோடு வந்த பூனைகள் பெரிய தீவில் கடற்பறவைகளை வேட்டையாடியபோது பெரும்பாலானவை ஒதுங்கிப் பிழைத்தது இந்தப் பாறைத்தூணில்தான். காட்டுப் பூனைகள் முற்றிலும் ஒழிக்கப்பட்டுவிட்டன என்று 2006-இல் அறிவித்தார்கள். 2012-இல் பிரிகேட் என்னும் கடற்பறவைகள் பெரிய தீவுக்கே திரும்பிவந்து கூடு கட்டின.

மணல் வெளிறியிருப்பதற்குக் காரணம், அது பாறையிலிருந்து வரவில்லை என்பதே. எரிமலைப் பொடியைக் கரைக்கு அடித்துவர ஆறு இல்லை என்று மேலே கருங்கல் எழுதியதை நினைவில் கொள்ளுங்கள். கிளிஞ்சல், கடல்முள்ளெலியின் முட்கள், சுண்ணாம்பு படிந்த கடற்பாசி ஆகியவற்றை அலை நொறுக்கிக் கொண்டுவந்து குவித்ததுதான் அந்த மணல். கையில் அள்ளிப் பார்த்தால் பல பரல்கள் மழுங்கிய ஓட்டுத் துண்டுகளாகவே இருக்கும். பிரேசில் கரையிலிருந்து 2000 கிலோமீட்டருக்கு மேல் நீந்திவரும் பேராமைகள் இந்த மணலில்தான் முட்டையிடுகின்றன. முட்டையிடும் பருவத்தில் ஜார்ஜ்டவுனை ஒட்டிய லாங் பீச் கடற்கரை முழுவதும் ஆள் இறங்கி நிற்கக்கூடிய குழிகளாகிவிடும். சீமைக்கருவேல வேர் இந்த மணலுக்குள் இறங்கினால் ஆமையால் தோண்ட முடியாது. பெரணி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கருங்கல் எழுதியதிலிருந்து மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேற்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும் என்பது வியாபாரக் காற்று எழுப்பும் அலையைப் பொறுத்தவரைதான் உண்மை. வட அட்லாண்டிக்கில் குளிர்காலப் புயல் வீசும் மாதங்களில், பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்துவரும் பேரலைகள் இந்த மேற்கு, வடக்குக் கரைகளில்தான் மோதுகின்றன. உள்ளூரில் காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் அவை எழும். தீவில் கப்பல் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. கப்பல் வெளியே நங்கூரமிட, ஆட்களும் சரக்கும் படகில் வந்து ஜார்ஜ்டவுன் இறங்குதுறைப் படிக்கட்டில் ஏற வேண்டும். பேரலை எழும்பிவிட்டால் அது தணியும்வரை கப்பல் வெளியிலேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான்.